லேப்வியூ: சீரியல் போர்ட் பதிலை ஹெக்ஸாக மாற்றுவது எப்படி? மூன்று பைட்டோடு நின்றுவிடுகிறது

ஜூன் 3, மாலை (வாசகர் கேள்வி)

வெப்பநிலை கன்ட்ரோலர் ஒன்றை ஆர்எஸ்-485 வழியாக, யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட்டு லேப்வியூவோடு (படமாக வயர் இழுத்து புரோகிராம் எழுதும் மென்பொருள்) இணைத்திருக்கிறேன். மாட்பஸ் ஆர்டியூ (கருவிகள் வெறும் பைட்டுகளாகவே பேசிக்கொள்ளும் முறை). 9600 பாட், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஐந்து ரெஜிஸ்டர் (கன்ட்ரோலர் எண்களை வைத்திருக்கும் இரண்டு பைட் இடங்கள்) கேட்கிறேன். விசா ரீட் (போர்ட்டில் வருவதைப் படிக்கும் ஃபங்ஷன்) தரும் ஸ்ட்ரிங்கில் வெறும் கட்டங்கள்தான் தெரிகின்றன. கன்ட்ரோலரோடு வந்த புத்தகத்தில் எல்லாம் 01 03 என்று ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) போட்டிருக்கிறது. எனக்கும் அப்படியே ஹெக்ஸ் ஸ்ட்ரிங்காக வேண்டும், அதிலிருந்து வெப்பநிலையைப் பிரித்து எடுக்க வேண்டும். நம்பர் டு ஹெக்ஸாடெசிமல் ஸ்ட்ரிங்கில் நேராகக் கொடுத்தால் வயர் உடைகிறது. எந்த ஃபங்ஷன் போடணும் அண்ணா?

ஜூன் 3, இரவு 9.40

வயர் உடைவதற்குக் காரணம்: விசா ரீட் தருவது ஸ்ட்ரிங், இளஞ்சிவப்பு வயர். அந்த ஃபங்ஷன் கேட்பது எண், நீல வயர்.

ஆனால் பார்ப்பதற்கு மட்டும்தான் ஹெக்ஸ் வேண்டும் என்றால் ஃபங்ஷனே தேவையில்லை. ஃப்ரன்ட் பேனலில் அந்த ஸ்ட்ரிங் இண்டிகேட்டர் மேல் வலது கிளிக் செய்து, நார்மல் டிஸ்பிளே என்று இருப்பதை ஹெக்ஸ் டிஸ்பிளே ஆக்குங்கள். இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்து 0103 என்று காட்டும். லேப்வியூவில் ஸ்ட்ரிங் என்பது வரிசையாக நிற்கும் பைட்டுகள்தான். நார்மல் டிஸ்பிளே ஒவ்வொரு பைட்டையும் எழுத்தாகக் காட்டப் பார்க்கிறது. 01க்கும் 03க்கும் எழுத்து வடிவம் இல்லை, அதனால் கட்டம் வருகிறது.

ஹெக்ஸில் 9க்கு அப்புறம் வரும் ஆறு எழுத்துகளை இங்கே ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று தமிழிலேயே எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தாக இருக்கும்.

ஜூன் 4, காலை 7.15

திரையில் சரியாகத் தெரிகிறது, ஆனால் டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து நோட்பேடில் திறந்தால் மறுபடி குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் வரும். ஹெக்ஸ் டிஸ்பிளே என்பது இண்டிகேட்டரின் குணம், டேட்டாவின் குணம் இல்லை. வயரில் போவது அதே பழைய பைட்டுகள். ஃபைலுக்குப் போவதும் அவைதான்.

ஃபைலில் எழுத்தாகவே 01 03 என்று வேண்டுமென்றால், அப்போது நிஜமாகவே மாற்ற வேண்டும். வழி இது. விசா ரீட்டிலிருந்து ஸ்ட்ரிங் டு பைட் அர்ரே. அது தருவது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை. அதை ஃபார் லூப்புக்குள் விட்டு, நம்பர் டு ஹெக்ஸாடெசிமல் ஸ்ட்ரிங் போட்டு, வெளியே வரும் ஸ்ட்ரிங் வரிசையைக் கான்கேட்டினேட் ஸ்ட்ரிங்ஸில் கொடுத்தால் ஒரே ஸ்ட்ரிங். உண்மையில் ஃபார் லூப்கூட வேண்டாம், அந்த ஃபங்ஷன் எண் வரிசையை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

ஜூன் 4, காலை 7.50

அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். நம்பர் டு ஹெக்ஸாடெசிமல் ஸ்ட்ரிங்கில் அகலம் என்று ஒரு உள்ளீடு இருக்கிறது. அங்கே கட்டாயம் 2 என்று கான்ஸ்டன்ட் போடுங்கள். போடாவிட்டால் 5 என்ற பைட் 05 ஆக வராது, வெறும் 5 ஆக வரும். 01 03 05 என்பது 135 ஆகிவிடும். அதை நாளைக்குத் திறந்து பார்ப்பவருக்கு அது 1, 3, 5 என்ற மூன்று பைட்டா, 13, 5 என்ற இரண்டா, 1, 35 ஆ என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பம்பு சோதனை மேடையில் மூன்று நாள் இடைவிடாமல் ஓடிய லாக். அகலமும் கொடுக்கவில்லை, நடுவில் இடைவெளியும் விடவில்லை. ஃபைல் முழுக்க எண்ணும் எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரு நீளக் கயிறாகக் கிடந்தது. அழுத்தம், ஓட்டம், கரண்ட் எல்லாம் அதற்குள் இருக்கின்றன, ஆனால் வெட்ட வேண்டிய இடம் தெரியவில்லை. மூன்று நாள் சோதனையை முதலிலிருந்து ஓட்டினோம். அந்த மின்சாரச் செலவும், கூட இரவு முழித்திருந்த ஃபிட்டரின் முகமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அன்றிலிருந்து என் கை அந்த உள்ளீட்டுக்கு 2 போடாமல் நகராது.

ஜூன் 4, மதியம்

இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. பைட் வரிசையை அர்ரே டு ஸ்ப்ரெட்ஷீட் ஸ்ட்ரிங்கில் கொடுங்கள். ஃபார்மட் இடத்தில் சதவீதக் குறி, 0, 2, எக்ஸ் என்ற நான்கும் சேர்த்து. டிலிமிட்டர் இடத்தில் ஒரு இடைவெளி. 01 03 05 என்று பிரித்து அழகாக வந்துவிடும், ஒரே ஃபங்ஷனில். டிலிமிட்டர் கொடுக்காவிட்டால் டேப் போட்டுப் பிரிக்கும், அதுவும் எக்செல்லுக்கு வசதிதான்.

ஜூன் 4, மாலை 6.30

இப்போதுதான் உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெக்ஸில் வந்திருப்பது 01 03 0ஏ, அவ்வளவுதான். மூன்று பைட். ஐந்து ரெஜிஸ்டர் கேட்டால் பதில் 15 பைட் வர வேண்டும்: முகவரி 1, ஃபங்ஷன் 1, எத்தனை பைட் என்ற எண்ணிக்கை 1, டேட்டா 10, சிஆர்சி (பதில் பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) 2.

என் சந்தேகம் பைட்ஸ் அட் போர்ட் மேல். விசா ரீட்டுக்கு எத்தனை பைட் படிக்க வேண்டும் என்ற எண்ணை அந்தப் பிராப்பர்ட்டி நோடிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அது சொல்வது அந்த நொடியில் போர்ட்டில் எவ்வளவு வந்து நிற்கிறது என்பதை மட்டும். 9600 பாடில் ஒரு பைட் வர ஒரு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும், 15 பைட்டுக்கு ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட். போதாததற்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர்கள் பைட்டுகளைச் சேர்த்துவைத்துத்தான் கணினிக்கு அனுப்பும். எஃப்டிடிஐ சிப் போட்டவற்றில் அந்தக் காத்திருப்பு வழக்கமாக 16 மில்லிசெகண்ட். எழுதியவுடன் எண்ணிப் பார்த்தால் சைபர் வரலாம், மூன்று வரலாம், எதுவும் வரலாம். அந்த வயரை எடுத்துவிட்டு 15 என்று கான்ஸ்டன்ட் வையுங்கள். விசா ரீட் 15ம் வரும்வரை தானே காத்திருக்கும்.

ஜூன் 5, காலை 6.05

15 போட்டும் அதே மூன்று பைட்தான் என்கிறீர்கள். எர்ரரும் இல்லை, உடனே வந்துவிடுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் விஷயம்.

என் நேற்றைய யூகம் தவறு. பைட்ஸ் அட் போர்ட் பற்றிச் சொன்னது பொதுவாகச் சரிதான், ஆனால் உங்கள் நோய் அது இல்லை. பாக்கி 12 பைட் வந்துசேராமல் இருந்தால் விசா ரீட் காத்திருந்து பார்த்துவிட்டு, வழக்கமான 10 விநாடி தாண்டியதும் -1073807339 என்ற டைம்அவுட் எர்ரரைக் காட்டியிருக்கும். எர்ரர் இல்லாமல், காத்திருக்காமல் மூன்றோடு திரும்புகிறது என்றால், வேலை முடிந்துவிட்டது என்று அதுவே நினைக்கிறது.

மூன்றாவது பைட்டைப் பாருங்கள். 0ஏ. அதாவது பத்து. ஐந்து ரெஜிஸ்டருக்குப் பத்து பைட் என்று கன்ட்ரோலர் சொல்கிறது. அதே பத்துதான் ஆஸ்கியில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பட்டியல்) லைன் ஃபீட், வரி முடிந்தது என்ற குறி. விசா கான்ஃபிகர் சீரியல் போர்ட்டில் எனேபிள் டெர்மினேஷன் கேரக்டர் என்று ஒரு உள்ளீடு உண்டு. எதுவும் வயர் செய்யாமல் விட்டால் அது ட்ரூ. டெர்மினேஷன் கேரக்டரும் வயர் செய்யாவிட்டால் 0ஏ. ஆக, எந்தப் பைட் 10 ஆக இருக்கிறதோ அதோடு படிப்பதை நிறுத்திவிடும்.

அந்த உள்ளீட்டில் ஒரு ஃபால்ஸ் கான்ஸ்டன்ட் வையுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

ஜூன் 5, காலை 6.20

உறுதி செய்ய: நான்கு ரெஜிஸ்டர் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கைப் பைட் 08 ஆகிவிடும், விசா ரீட்டுக்கு 13 கொடுங்கள். ஃபால்ஸ் போடாமலேயே பெரும்பாலும் முழுசாக வரும்.

அதேபோல் மாட்பஸ் முகவரி 10 என்று வைத்த எந்தக் கருவியும் பதிலின் முதல் பைட்டிலேயே நின்றுவிடும். எட்டு, ஒன்பது, பதினொன்று எல்லாம் பேசுகின்றன, பத்து மட்டும் செத்துவிட்டது என்று நல்ல கருவியைக் கழற்றி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 5, இரவு 10.10

15 பைட்டும் வந்துவிட்டது என்ற செய்தி பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இதைப் பற்றி நீளமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் டெம்பரிங் ஃபர்னஸுக்கு லாக் எடுக்கும் புரோகிராம். கன்ட்ரோலர் ஒன்று, ரெஜிஸ்டர் ஒன்று, வெப்பநிலை பத்தில் ஒரு பங்கு டிகிரியில். 200.0 டிகிரி என்றால் 2000 என்று வரும். புரோகிராம் ஒவ்வொரு தடவையும் போர்ட்டைத் திறந்து, கேட்டு, படித்து, மூடும். பதிலில் நான்காவது, ஐந்தாவது பைட்டுகளை எடுத்துச் சேர்த்து எண்ணாக்கும். சிஆர்சி சரிபார்ப்பு வைக்கவில்லை. எழுதியது நான்தான்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார்கள். ஃபர்னஸ் ஏறும்போது 256 டிகிரியில் சிறிது நேரம் நின்றுவிடுகிறது, அப்புறம் திடீரென்று 281க்குத் தாவுகிறது என்றார்கள். சார்ட்டைப் பார்த்தால் உண்மைதான். சாய்வாக ஏறும் கோடு 256.0ல் படியாக மட்டமாகிறது, கொஞ்ச நேரம் கழித்துச் செங்குத்தாக 281.6க்குப் போகிறது. இறங்கும்போது தலைகீழ்: 281.6லிருந்து ஒரே வீழ்ச்சியாக 256.0, அங்கே சிறிது மட்டம், பிறகு ஒழுங்கான இறக்கம். ஒவ்வொரு சார்ஜுக்கும் இதே படி.

முதலில் ஹீட்டர் காயிலைச் சந்தேகித்தார்கள். தைரிஸ்டரை மாற்றினார்கள். தெர்மோகப்பிளை மாற்றினார்கள். நான் போய்க் கேபிளை ஷீல்டு போட்டதாக மாற்றினேன், முனையில் 120 ஓம் வைத்தேன், பூமி இணைப்பைத் திருத்தினேன். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் படி அசையவில்லை. கன்ட்ரோலரின் சொந்தத் திரையில் வெப்பநிலை நிற்காமல் ஏறுகிறது, என் சார்ட்டில் மட்டும் நிற்கிறது என்பதை அங்கே வேலை செய்த அக்கா ஒருவர்தான் கவனித்துச் சொன்னார்.

அன்று இரவு வந்த பதில்களை அப்படியே ஹெக்ஸாக ஃபைலில் எழுதவிட்டேன். 255.9 வரை பெரும்பாலும் வரிக்கு ஏழு பைட். 256.0 வந்ததும் நான்கு பைட்: 01 03 02 0ஏ. அடுத்த வரியும் 01 03 02 0ஏ. அதற்கடுத்ததும் அதுவே. 281.6ல் மறுபடி ஏழு.

கணக்கு இப்படி. 2560 என்பது ஹெக்ஸில் 0ஏ 00. 2815 என்பது 0ஏ எஃப்எஃப். அந்த 256 எண்களுக்கும் மேல் பைட் 0ஏ. அங்கேயே படிப்பது நின்றுவிடுகிறது, கீழ் பைட் வருவதே இல்லை. இண்டெக்ஸ் அர்ரேயில் இல்லாத இடத்தைக் கேட்டால் லேப்வியூ எர்ரர் காட்டாது, சைபரைக் கொடுக்கும். எனவே 0ஏயும் சைபரும் சேர்ந்து 2560, அதாவது 256.0. பட்டறையில் இருந்த ஒவ்வொரு பொருளும் சரியாகத்தான் இருந்தது. ஒரு ஃபால்ஸ் கான்ஸ்டன்ட் இல்லாததற்கு அவர்கள் தைரிஸ்டர் வாங்கினார்கள்.

ஜூன் 5, இரவு 10.45

26.6 டிகிரியும் 0ஏவில்தான் முடியும் (266 என்பது 01 0ஏ), அங்கே ஏன் கோளாறு தெரியவில்லை என்று யாராவது கேட்பார்கள். அங்கே 0ஏ கீழ் பைட். அதுவரை வந்துவிட்டதால் எண் முழுசாகக் கிடைக்கும், வெட்டுப்படுவது சிஆர்சி மட்டும். நான் சிஆர்சி பார்த்திருந்தால் முதல் நாளே, அறை வெப்பத்திலேயே பிடிபட்டிருக்கும். 25.6 டிகிரிக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

வந்த பதில் முழுவதற்கும், கடைசி இரண்டு பைட்டையும் சேர்த்தே, சிஆர்சி கணக்கிடுங்கள். சைபர் வந்தால் பதில் நல்ல பதில். ஒரு சிறு சப்விஐ (மற்ற புரோகிராம்களுக்குள் போட்டுக்கொள்ளும் துணைப் புரோகிராம்), ஒருமுறை செய்து வைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

ஜூன் 6, மதியம்

ஹெக்ஸ் ஸ்ட்ரிங்கை மறுபடி வெட்டி, ஹெக்ஸாடெசிமல் ஸ்ட்ரிங் டு நம்பர் போட்டு வெப்பநிலை எடுத்ததாக அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் தயவுசெய்து அந்தப் பாதையில் போகாதீர்கள்.

பைட்டாக வந்த எண்ணை எழுத்தாக்கி, எழுத்தை வெட்டி, மறுபடி எண்ணாக்குகிறீர்கள். நடுவில் ஓர் இடைவெளி கூடினாலோ ஓர் எழுத்து நகர்ந்தாலோ எல்லாம் மாறிவிடும். ஹெக்ஸ் எழுத்து மனிதன் படிக்க. கணக்குப் பார்க்க பைட் வரிசையே போதும். வயரை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஹெக்ஸாகி லாகுக்குப் போகட்டும். மற்றொன்று ஸ்ட்ரிங் டு பைட் அர்ரே வழியாக, நான்காவது, ஐந்தாவது பைட்டை ஜாயின் நம்பர்ஸில் சேர்த்து 16 பிட் எண்ணாகட்டும். ஐந்து ரெஜிஸ்டரையும் ஒரே தடவையில் எடுக்க வேண்டுமென்றால் டேட்டா பத்து பைட்டை மட்டும் ஸ்ட்ரிங் சப்செட்டில் வெட்டி, 16 பிட் எண் வரிசையாக டைப் காஸ்ட் செய்யுங்கள். டைப் காஸ்ட் எப்போதும் மேல் பைட் முதலில் என்ற முறையில்தான் படிக்கும், மாட்பஸ் ரெஜிஸ்டரும் அதே முறை. பொருந்திவிடும்.

சிஆர்சி மட்டும் தலைகீழ், அதில் கீழ் பைட் முதலில். இதை மறந்து அரைநாள் போகும், எல்லோருக்கும் போகும்.

ஜூன் 6, இரவு

ஜூன் 4 மதியம் சொன்ன அர்ரே டு ஸ்ப்ரெட்ஷீட் ஸ்ட்ரிங் பற்றி ஒரு திருத்தம். அது கடைசியில் தானாக ஒரு வரிமுடிவைச் சேர்க்கும். ஃபைலுக்கு எழுதும்போது அது வசதி, ஒவ்வொரு பதிலும் தனி வரியில் விழும். ஆனால் அந்த ஸ்ட்ரிங்கை இன்னொன்றோடு ஈக்குவலா என்று ஒப்பிட்டால் ஒருபோதும் ஒத்துப்போகாது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒப்பிடுவதாக இருந்தால் ட்ரிம் வொயிட்ஸ்பேஸ் போட்டுவிடுங்கள்.

ஜூன் 8, காலை

வேறொரு வாசகர்: கருவி பதிலே தருவதில்லை, டைம்அவுட் மட்டும் வருகிறது, கட்டளை புத்தகத்தில் உள்ளபடிதான் அனுப்புகிறேன் என்கிறார்.

விசா ரைட்டில் எத்தனை பைட் போனது என்று ஒரு வெளியீடு இருக்கிறது, அதற்கு ஓர் இண்டிகேட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 23 என்றார். போக வேண்டியது 8. ஸ்ட்ரிங் கான்ஸ்டன்ட்டை நார்மல் டிஸ்பிளேயில் வைத்துக்கொண்டு 01 03 00 00 00 05 85 சி9 என்று தட்டியிருக்கிறார். பதினாறு எழுத்து, ஏழு இடைவெளி, மொத்தம் 23. கருவிக்குப் போனது சைபர் என்ற எழுத்தும் ஒன்று என்ற எழுத்தும். அதற்கு 01 என்ற முகவரி காதில் விழவே இல்லை.

கான்ஸ்டன்ட்டை முதலில் ஹெக்ஸ் டிஸ்பிளே ஆக்கி, அப்புறம் தட்ட வேண்டும். தட்டியபிறகு மாற்றினால் 30 31 20 என்று ஆரம்பிக்கும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 30ம் 31ம் எழுத்தாகிப் போன சைபரும் ஒன்றும், 20 இடைவெளி.

புரோகிராமைப் பயன்படுத்துபவரே தட்டித் தரும் ஹெக்ஸை அனுப்ப வேண்டுமென்றால், ஸ்ப்ரெட்ஷீட் ஸ்ட்ரிங் டு அர்ரேயில் இடைவெளியை டிலிமிட்டராகவும் சதவீதக் குறியோடு எக்ஸை ஃபார்மட்டாகவும் கொடுத்து, 8 பிட் எண் வரிசையாக வாங்கி, பைட் அர்ரே டு ஸ்ட்ரிங்கில் விடுங்கள்.

ஜூன் 8, மாலை

எழுத்தாகவே அனுப்பும் வகையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மாட்பஸ் ஆஸ்கி. அதில் ஒவ்வொரு பைட்டும் இரண்டு ஹெக்ஸ் எழுத்தாகவே கம்பியில் போகும். முதலில் ஒரு முக்காற்புள்ளி, கடைசியில் கேரேஜ் ரிட்டர்னும் லைன் ஃபீடும். இதே ஐந்து ரெஜிஸ்டர் கேள்வி அங்கே முக்காற்புள்ளி, 010300000005எஃப்7, பிறகு வரிமுடிவு. மொத்தம் 17 எழுத்து. ஆர்டியூவில் 8. கன்ட்ரோலர் புத்தகத்தில் ஆர்டியூ, ஆஸ்கி என்று இரண்டு பத்தி இருந்தால் எதைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9

டெர்மினேஷன் கேரக்டரை எப்போதுமே அணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜூன் 5ல் எழுதிய வேகத்தில் அப்படி ஓர் எண்ணம் வந்திருக்கும். கூடாது.

எடை மேடை, மல்டிமீட்டர், ஜிபிஎஸ் ரிசீவர் எல்லாம் எழுத்தாகப் பேசுபவை, ஒவ்வொரு வரியும் லைன் ஃபீடில் முடியும். அவற்றுக்கு ட்ரூ என்று விட்டு, எத்தனை பைட் என்ற இடத்தில் தாராளமாக 200 கொடுத்துவிடுங்கள். வரி முடிந்ததும் அதுவே திரும்பும், நீளம் கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை. சில எடை மேடைகள் வெறும் கேரேஜ் ரிட்டர்னோடு முடிக்கும், அப்போது டெர்மினேஷன் கேரக்டரை 13 ஆக்க வேண்டும். மாட்பஸ் ஆஸ்கிக்கும் ட்ரூதான். பைனரியாகப் பேசுபவைக்குத்தான் ஃபால்ஸ்.

லேப்வியூ 1986ல் மேகின்டாஷுக்கு வந்தபோதிலிருந்து அதன் முதல் வேலை ஆய்வகக் கருவிகளோடு பேசுவது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை வரி வரியாக எழுத்தில் பேசும். அதனால் ட்ரூ என்ற முன்னிருப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. பட்டறைக்குள் பைனரிக் கருவியோடு வரும் நாம்தான் அதைத் தெரிந்து மாற்ற வேண்டும்.

ஜூன் 9, இரவு

பத்துக்கு ஏன் இந்த மரியாதை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டெலிடைப் இயந்திரம். கேரேஜ் ரிட்டர்ன் அச்சடிக்கும் தலையை இடது ஓரத்துக்கு இழுக்கும், லைன் ஃபீட் காகிதத்தை ஒரு வரி மேலே தள்ளும். இரண்டும் தனித்தனி அசைவு, அதனால் தனித்தனி எண்: 13, 10. ஆஸ்கி 1963ல் வந்தது. காகிதத்தை நகர்த்தப் பிறந்த எண் என் ஃபர்னஸ் சார்ட்டை நிறுத்தியது என்பதில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

ஜூன் 11

கருவி கையில் இல்லாதவர்கள் செய்து பார்க்க ஒரு சோதனை. ஆர்எஸ்-232 போர்ட்டில் 2வது, 3வது பின்னை ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். அனுப்புவது அப்படியே திரும்பி வரும். 0 முதல் 255 வரை எல்லாப் பைட்டையும் ஃபார் லூப்பில் செய்து, ஸ்ட்ரிங்காக்கி அனுப்பி, 256 பைட் படியுங்கள்.

எதுவும் மாற்றாமல் ஓட்டினால் 11 பைட்தான் வரும், 00 முதல் 0ஏ வரை. ஃபால்ஸ் போட்டால் 256. இப்போது டேட்டா பிட்டை 7 ஆக்குங்கள்: 80 என்று போனது 00 என்று வரும், பின்பாதி முழுதும் முன்பாதி போலவே இருக்கும். ஃப்ளோ கன்ட்ரோலில் எக்ஸான் எக்ஸாஃப் போட்டால் 11ம் 13ம் (ஹெக்ஸில்) டேட்டாவாக வராது, அவற்றைப் போர்ட் தனக்கான நில், போ கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அனுப்புவதே நின்றுபோகவும் கூடும். அரை மணி நேர வேலை. இந்த நான்கையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு கேபிள்மேல் பழி போடமாட்டார்.

லேப்வியூ இல்லை என்பவர்களுக்கு: 2020 முதல் கம்யூனிட்டி எடிஷன் இலவசம், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

ஜூன் 12

எனர்ஜி மீட்டரில் வோல்டேஜ் சைபராகவே வருகிறது என்று ஒருவர் ஹெக்ஸ் வரியை ஒட்டியிருக்கிறார். ஹெக்ஸாகத் தந்ததற்கு நன்றி, ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. டேட்டா 00 00 43 66.

43 66 00 00 என்பது 32 பிட் ஃப்ளோட்டாகப் படித்தால் சரியாக 230.0. உங்கள் மீட்டர் இரண்டு ரெஜிஸ்டரையும் இடம் மாற்றி அனுப்புகிறது. வந்தபடியே படித்தால் 10இன் -41வது அடுக்கு அளவில் ஏதோ ஒரு துளி, இண்டிகேட்டர் அதைச் சைபராகக் காட்டிவிடும். டைப் காஸ்ட்டில் முதலில் 32 பிட் முழு எண்ணாக்கி, ஸ்வாப் வேர்ட்ஸ் போட்டு, மறுபடி டைப் காஸ்ட்டில் சிங்கிள் ஃப்ளோட்டாக்குங்கள். ஸ்வாப் பைட்ஸ் வேண்டாம், அது வேறு.

ஜூன் 12, இரவு

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு: எங்கள் லேபில் மஃபிள் ஃபர்னஸ் இருக்கிறது, 300 வரை ஏற்றிக் காட்டட்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம். சிஆர்சி சப்விஐயையும் வைத்துவிட்டு, ஹெக்ஸ் லாகையும் ஓடவிட்டு ஏற்றுங்கள். மாதிரி எடுக்கும் இடைவெளியை ஒரு விநாடியாக வையுங்கள், 256 பக்கத்தில் எதையும் தவறவிடக் கூடாது.

ஜூன் 14, மாலை

தம்பி அனுப்பிய லாக் வந்தது. மொத்தத்தையும் உட்கார்ந்து படித்தேன். சிஆர்சி தவறியது ஒன்றுகூட இல்லை, எல்லா வரியும் 15 பைட். வெப்பநிலை இருக்கும் இடத்தை மட்டும் கீழே எடுத்துப் போடுகிறேன்.

09 எஃப்இ: 255.8
09 எஃப்எஃப்: 255.9
0ஏ 00: 256.0
0ஏ 02: 256.2
0ஏ 03: 256.3